நீருக்குள் அடங்கிக் கிடக்கும் நெல்: வாசகர் கேள்வி – பதில்

வெள்ளம், வறட்சி, உவர்ப்பு ஆகியவற்றைத் தாங்கும் பயிர்களை உருவாக்குவதில் மூலக்கூறு உயிரியல் எவ்வாறு உதவுகிறது என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் நெல்லைப் பற்றியவையாக இருந்ததால் பதில்களும் பெரும்பாலும் நெல்லையே சுற்றி வருகின்றன.

கேள்வி: ஐப்பசி மழையில் எங்கள் வயல் பத்து நாள் நீருக்குள் கிடந்தது. பக்கத்து வயலில் நட்டிருந்த சி.ஆர். 1009 அழுகிப் போயிற்று. நான் நட்டிருந்த சி.ஆர். 1009 சப்-1 நீர் வடிந்தபோது பழுத்துக் கிடந்தாலும், உழாமல் ஒரு வாரம் பொறுத்திருந்ததில் மீண்டும் துளிர்த்து வந்தது. இரண்டும் ஒரே நெல் என்கிறார்கள். பெயருக்குப் பின்னால் உள்ள ‘சப்-1’ எதைக் குறிக்கிறது?
– திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து ஒரு விவசாயி

பதில்: இரண்டும் ஏறத்தாழ ஒரே நெல்தான். நெல்லுக்குப் பன்னிரண்டு குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள ஒரு சிறு துண்டுதான் உங்கள் பயிரையும் பக்கத்து வயல் பயிரையும் முக்கியமாக வேறுபடுத்துகிறது. மூழ்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகளே ‘சப்’. அந்தத் துண்டு எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்யப்பட்டதன்று. ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பள்ள நிலங்களில் பயிரிட்டு வந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற வரிசையிலிருந்து அது வந்தது. பொன்மணி என்று நாம் அழைக்கும் சி.ஆர். 1009-உம் ஒடிசாவின் கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்ததுதான் என்பதால், ஒரே மாநிலத்து உறவினர் இருவரைக் காவிரிப் படுகையில் சேர்த்துவைத்த கதை இது என்றும் கொள்ளலாம்.

எஃப்.ஆர். 13ஏ இரண்டு வாரம் முழுமையாக மூழ்கிக் கிடந்தாலும் சாகாது என்பது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. ஆனால் அதன் மகசூல் குறைவு. அரிசித் தரமும் சுமார். அதை நல்ல ரகங்களுடன் கலப்புச் செய்தபோதெல்லாம், வெள்ளத்தைத் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்ததால், விவசாயிகள் விரும்பி ஏற்கும்படியான ரகம் நெடுங்காலம் அமையவில்லை. எந்த இடத்தில் அந்தக் குணம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் கலப்புச் செய்து கொண்டிருந்ததே இதற்குக் காரணம். 1996-இல் கெனோங் சூ, டேவிட் மக்கில் ஆகிய இருவரும் அது ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதைக் கண்டறிந்தனர். பத்தாண்டு கழித்து, 2006-இல், அவர்களும் பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் உள்ளிட்ட கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, அந்த இடத்தில் அடுத்தடுத்து இருக்கும் மரபணுக்களில் சப்-1ஏ என்பதே உயிர் காப்பது என்று நிறுவினார்கள். சில நெல் வகைகளில் இந்த மரபணு அறவே கிடையாது. வேறு சிலவற்றில் சற்றே மாறிய, அவ்வளவாகப் பயன்படாத வடிவில் இருக்கிறது.

இனி அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோம் அல்லவா? அதில் வேலை செய்யும் எத்திலீன் என்ற வாயுவைப் பயிர்களும் தம் உடலிலேயே சிறிதளவு உண்டாக்கிக் கொள்கின்றன. காற்றில் அது உடனே கலைந்துவிடும். நீரில் வாயுக்கள் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு என்பதால், மூழ்கிய பயிரின் உடலிலேயே எத்திலீன் தேங்கிவிடுகிறது. அதை மூழ்கிவிட்டதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் சாதாரண நெல், ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியின் துணையோடு இலைகளை விறுவிறுவென்று நீட்டி, நீர்மட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கப் பார்க்கிறது. நீர் ஆழமாகவும் கலங்கலாகவும் இருந்தால் அந்த முயற்சி வெற்றி பெறுவதில்லை. சேமித்து வைத்திருந்த மாவுச்சத்து முழுவதும் செலவாகி, நீர் வடியும்போது நூலாக நீண்ட இலைகள் சேற்றில் படுத்து அழுகுகின்றன. பக்கத்து வயலில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சப்-1ஏ உள்ள பயிரோ அதே எத்திலீனை உணர்ந்தவுடன் ஜிப்ரலினின் தூண்டுதலை அடக்கிவிடுகிறது. நீளாமல், செலவழிக்காமல், கையிருப்பைக் காத்துக்கொண்டு அப்படியே அடங்கிக் கிடக்கிறது. நீர் வடிந்ததும் அடித்தூரில் மிஞ்சிய சத்தைக் கொண்டு புதுக் குருத்து விடுகிறது. நீருக்குள் கிடந்த பயிருக்கு, நீர் வடிந்த முதல் இரண்டு நாள் வெயிலும் காற்றும் தாமே ஒரு பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியைத் தாங்கவும் இதே மரபணு உதவுவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, நீர் வடிந்தவுடன் உங்கள் பயிர் பழுத்துக் கிடப்பதைக் கண்டு உழுதுவிடாமல் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தீர்களே, அது சரியான முடிவு.

கேள்வி: ‘மார்க்கர் உதவியுடன் தேர்வு’ என்று பாடநூலில் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்திலும் வயலிலும் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?
– கோயம்புத்தூரிலிருந்து ஒரு முதுநிலைத் தாவரவியல் மாணவி

பதில்: சப்-1 கதையையே தொடர்வோம். ஆந்திரத்தின் மாருட்டேரு ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1982-இல் வெளிவந்த ஸ்வர்ணா என்ற ரகம் கிழக்கிந்தியாவில் பல லட்சம் எக்டேரில் பயிராவது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதற்குள் சப்-1-ஐக் கொண்டு சேர்க்க முடிவு செய்தார்கள்.

முதல் வேலை முழுக்க முழுக்கப் பழைய வேலைதான். மாலையில் ஸ்வர்ணாவின் கதிரில் மறுநாள் பூக்கவிருக்கும் மணிகளின் நுனியைக் கத்தரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் அல்லது உறிஞ்சு குழாயால் நீக்கி, உறையிட்டு மூடுவார்கள். மறுநாள் முற்பகலில், சப்-1 உள்ள மற்ற நெல்லின் பூத்த கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டினால் மகரந்தம் விழும். இதற்குக் கணினி உதவாது. கை நிதானமும் கண் கூர்மையும் வேண்டும். ஒரு கதிரில் இருபது மணி பிடித்தாலே மகிழ்ச்சியடையும் ஆய்வாளர்கள் உண்டு.

இப்படிக் கிடைக்கும் முதல் தலைமுறையில் பாதி ஸ்வர்ணா, பாதி மற்றது. அதை மீண்டும் ஸ்வர்ணாவுடன் கலந்தால் ஸ்வர்ணாவின் பங்கு சராசரியாக 75 சதவீதம். மறுபடியும் கலந்தால் 87.5, இன்னொரு முறை கலந்தால் 93.75. இதுவே பிற்கலப்பு. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிச் செடிகளில் சப்-1 இருக்காது. எவற்றில் இருக்கிறது என்று அறிய, மார்க்கர் (மரபணுவுக்கு அருகில் இருந்து அதை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. துண்டு) வருவதற்கு முன்பு, நாற்றுகளைத் தொட்டியில் இரண்டு வாரம் மூழ்கடித்து, எது பிழைக்கிறது என்று காத்திருக்க வேண்டும். பிழைத்தது நலிந்திருக்கும்; அதைக் கலப்புக்குப் பயன்படுத்துவதும் பாடு.

மார்க்கர் இந்தக் காத்திருப்பை ஒரு நாள் வேலையாக்கிவிடுகிறது. பதினைந்து இருபது நாள் நாற்றிலிருந்து விரல் நீள இலைத்துண்டைக் கிள்ளி, அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் வைப்பார்கள். சப்-1-க்கு மிக அருகில் இருக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை மட்டும் அது கோடிக்கணக்கில் படியெடுத்துத் தரும். அந்தத் துண்டின் நீளம் ஸ்வர்ணாவில் ஓர் அளவு, எஃப்.ஆர். 13ஏ வழியில் இன்னோர் அளவு. ஜெல்லில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் சிறிய துண்டு விரைந்து ஓடும், பெரியது பின்தங்கும். புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால், ஒரு கோடு மட்டும் உள்ள செடி வேண்டாதது. இரண்டு கோடும் உள்ள செடி வேண்டியது. நாற்றங்காலிலேயே பாதியைக் களைந்துவிடலாம்.

இதோடு வேலை முடிவதில்லை. குரோமோசோம் துண்டு துண்டாகத்தான் கைமாறும் என்பதால், சப்-1-க்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டு வரும் அயல் துண்டு எந்தச் செடியில் மிகக் குட்டையாக இருக்கிறது என்று பார்க்க இன்னும் சில மார்க்கர்கள். மீதிப் பதினொரு குரோமோசோம்களிலும் ஸ்வர்ணாவின் பங்கு எதில் மிகுதி என்று பார்க்க மேலும் பல மார்க்கர்கள். இப்படி மூன்று சல்லடைகளில் சலித்தெடுப்பதால் இரண்டு மூன்று பிற்கலப்பிலேயே வேலை முடிகிறது. இந்தியாவில் ஸ்வர்ணா சப்-1 2009-இல் வெளியிடப்பட்டது.

இவ்வளவு கவனத்தையும் மீறி ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்வர்ணாவின் உமியில் பொன் பழுப்பு நிறக் கோடுகள் ஓடும்; அந்தப் பெயரே அதனால்தான் பொருத்தமாக இருக்கிறது. ஸ்வர்ணா சப்-1-இன் உமியோ வெறும் வைக்கோல் நிறம். உமியின் நிறத்தை மாற்றும் மரபணு சப்-1-க்கு மிக அருகில் குடியிருப்பதால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அரிசிக்குள் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், களத்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே வேறுபாடு சொல்லிவிடலாம். பாடநூலில் ‘பிணைப்பு’ என்று படிப்பதை உள்ளங்கையில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: அப்படியானால் சப்-1 நெல் மரபணு மாற்றுப் பயிர்தானே? அதை ஏன் மறைக்கிறார்கள்?
– சென்னையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மறைப்பதற்கு எதுவும் இல்லை, அது மரபணு மாற்றுப் பயிர் அன்று. நெல்லின் மகரந்தம் நெல்லின் சூல்முடியில் விழுந்து பிறந்த பயிர் அது. ஆய்வுக்கூடம் செய்தது எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று சொன்னது மட்டுமே. பி.டி. பருத்தியில் பாக்டீரியாவின் மரபணு ஒன்று நேரடியாகச் செலுத்தப்பட்டுள்ளது. அதுவே மரபணு மாற்றம். மூலக்கூறு உயிரியல் என்ற சொல்லைக் கேட்டதும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுவது பரவலான பிழை. மரபணு மாற்றுப் பயிரை ஆதரிக்கவும் எதிர்க்கவும் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த வழக்கில் சப்-1 நெல்லைச் சேர்ப்பது முறையன்று.

கேள்வி: நானும் சப்-1 நெல்தான் நட்டேன். வயலில் ஒன்றரை மாதம் முழங்கால் அளவு நீர் நின்றது. பயிர் தூர் கட்டவில்லை, மகசூலும் இல்லை. வெள்ளத்தைத் தாங்கும் என்று சொன்னதெல்லாம் பொய்யா?
– வேதாரண்யம் பகுதியிலிருந்து ஒரு விவசாயி

பதில்: பொய்யன்று, ஆனால் உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். சப்-1 தாங்குவது பயிர் முழுமையாக மூழ்கி, ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் நீர் வடிந்துவிடும் வெள்ளத்தை. உங்கள் வயலில் நின்றது தேங்கு நீர். தேங்கு நீரில் பயிர் ஓரளவு உயர்ந்து வளர்ந்தால்தான் பிழைக்கும். அடங்கிக் கிடக்கச் சொல்லும் மரபணு அங்கே உதவாது, சில வேளைகளில் பாதகமாகவும் அமையும். இதற்கு நேர் எதிரான உத்தி வங்கதேசம், தாய்லாந்து போன்ற நாடுகளின் ஆழ்நீர் நெல்லில் உண்டு. நீர் ஏற ஏற அதன் தண்டு ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேலும் நீளும். அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் குழாயின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். வியப்பு என்னவென்றால், சப்-1ஏ-வும் இவையும் எத்திலீனுக்குச் செவிசாய்க்கும் ஒரே வகை மரபணுக்கள். கேட்கும் செய்தி ஒன்று, செய்யும் காரியம் மட்டும் தலைகீழ்.

விதைத்தவுடன் மழை பெய்து நீர் கட்டிக்கொண்டால் முளைக்காமல் அழுகுவது மூன்றாவது வகைச் சிக்கல். அதற்கும் சப்-1 விடையன்று. மியன்மாரைச் சேர்ந்த நாட்டு நெல் ஒன்றிலிருந்து, நீருக்கடியிலேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளையை மேலே தள்ளும் வேறொரு மரபணு அடையாளம் காணப்பட்டுள்ளது. ‘வெள்ளம்’ என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது பயிருக்கு மூன்று நான்கு வெவ்வேறு துன்பங்கள். ரகத்தைப் பரிந்துரைப்பவர்கள் எந்த வெள்ளத்துக்கு என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் நிலத்துக்கு வடிகால் சரியாகும் வரை, தேங்கு நீரில் பழகிய உயரமான நாட்டு ரகங்களைப் பற்றி வட்டாரப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. மடுமுழுங்கி என்று ஒரு நெல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: வெள்ளத்துக்கு ஒரு மரபணு கிடைத்ததுபோல் வறட்சிக்கு ஏன் ஒன்று கிடைக்கவில்லை? எங்கள் மானாவாரி நிலத்துக்கு என்றுதான் விடிவு?
– முதுகுளத்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வெள்ளத்தில் உயிர் பிழைத்தல் ஒரே பொத்தானைச் சார்ந்திருந்தது, அது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த அரிய நற்பேறு என்றே சொல்ல வேண்டும். வறட்சி அப்படிப்பட்டதன்று. வேர் எவ்வளவு ஆழம் போகிறது, இலைத்துளை எப்போது மூடுகிறது, இலை எவ்வளவு சுருளுகிறது, எத்தனை நாளில் பூக்கிறது என்று பல குணங்கள் சேர்ந்தே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல மரபணுக்கள். ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அதோடு, நாற்றுப் பருவத்தில் மழை பொய்ப்பதும் தொண்டைக் கதிர்ப் பருவத்தில் மழை பொய்ப்பதும் பயிருக்கு ஒன்றல்ல.

இத்தகைய குணங்களுக்கு ஒரு மரபணுவைத் தேடாமல், குரோமோசோமில் எந்தெந்தப் பகுதிகள் விளைச்சலோடு சேர்ந்து வருகின்றன என்று தேடுகிறார்கள். வறட்சியைத் தாங்கும் நெல் ஒன்றையும் தாங்காத நெல் ஒன்றையும் கலந்து, அவற்றின் சந்ததியில் நூற்றுக்கணக்கான வரிசைகளை வளர்த்து, ஒவ்வொன்றின் மார்க்கர்களையும் பட்டியலிட்டு, அதே வரிசைகளை வறண்ட வயலில் அறுத்து எடை போட்டு, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுவார்கள். உங்கள் பகுதிக்குப் பழக்கமான நூற்றிப்பத்து என்ற நாட்டு நெல்லை ஐ.ஆர். 20-உடன் கலந்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் வறட்சியில் விளைச்சலைக் காக்கும் பல பகுதிகளைக் கண்டறிந்து, அவற்றில் இரண்டை ஐ.ஆர். 64 ரகத்தில் சேர்த்தது. ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக ‘டி.ஆர்.ஆர். தான் 42’ (‘தான்’ என்பது நெல்லுக்கான இந்திச் சொல்) என்ற பெயரில் வெளிவந்தது அந்த நெல்தான்.

வேரைப் பற்றி ஒரு செய்தி. ஐ.ஆர். 64-இன் வேர்கள் பக்கவாட்டில் படர்பவை. பிலிப்பைன்ஸின் மேட்டு நில நெல் ஒன்றிலிருந்து, வேரைச் செங்குத்தாக இறங்கச் செய்யும் மரபணு வடிவத்தை எடுத்து ஐ.ஆர். 64-க்குள் கொண்டுவந்த ஜப்பானிய ஆய்வு 2013-இல் வெளியானது. வேரின் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை, கோணம்தான் மாறியது. அதனாலேயே வறட்சியில் மகசூல் நின்றது. கேட்க இனிமையாக இருக்கும் இந்தச் செய்திக்கு ஒரு நிபந்தனை உண்டு. முக்கால் அடி ஆழத்தில் கெட்டித்தட்டாகிப் போன நிலத்திலும், அடியில் ஈரமே இல்லாத நிலத்திலும், இறங்கும் வேருக்கு இறங்க இடமோ எடுக்க நீரோ இராது. ஆகவே ஒரு ரகம் எல்லா மானாவாரிக்கும் ஆகாது. மார்க்கர் கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், வறண்ட வயலில் அறுத்து எடை போட்ட கணக்கு தவறாக இருந்தால் எல்லாம் தவறிவிடும், இன்றைக்கு டி.என்.ஏ.வைப் படிப்பது மலிவாகிவிட்டது, வயலை ஒழுங்காக அளப்பதுதான் அரிதாகிவிட்டது என்பது என் எண்ணம்.

கேள்வி: கடல்நீர் ஏறிய நிலத்துக்கு ஏற்ற நெல் உண்டா? உப்பை அந்தப் பயிர் எப்படிச் சமாளிக்கிறது?
– நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: கேரளக் கரையோரத்தில் இறால் வளர்ப்போடு மாறிமாறிப் பயிரிடப்படும் பொக்காளி நெல் இதற்குப் பெயர் பெற்றது. அதன் முதலாவது குரோமோசோமில் ‘சால்டால்’ என்று பெயரிடப்பட்ட ஒரு பகுதி உண்டு. வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியே இலைக்கு ஏறும்போது, அதில் கலந்துள்ள சோடியத்தை வழியிலேயே பிடித்து வெளியே இழுத்துவிடும் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணு அந்தப் பகுதியில் இருக்கிறது. உப்பு வேரோடு நின்றுவிடுவதால் இலை கருகாமல் இருக்கிறது. பொட்டாசியமும் சோடியமும் சரியான விகிதத்தில் நிற்கின்றன. இதே குடும்பத்து மரபணு ஒன்றைக் கோதுமையின் பழைய உறவுப்பயிர் ஒன்றிலிருந்து கலப்பின் வழியாகவே கடுங்கோதுமைக்குக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், உவர் வயலில் 25 சதவீதம் கூடுதல் மகசூல் கிடைத்ததாக 2012-இல் வெளியிட்டார்கள்.

சால்டால் முக்கியமாக நாற்றுப் பருவத்தில் காப்பது. பூக்கும் பருவத்தில் உப்பு ஏறினால் அது மட்டும் போதாது. மழையில்லாத தை, மாசியில் உப்பு மேலேறும் நிலங்களில் இதைக் கவனிக்க வேண்டும். நம் கரையோரத்தில் குழியடிச்சான் போன்ற நாட்டு நெல் வகைகளும் திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். வரிசை ரகங்களும் களர், உவர் நிலங்களில் பயிராகின்றன. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அலையாத்திக் காட்டுக் கண்டல் மரத்திலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்து நெல்லில் செலுத்தியும் ஆராய்ந்துள்ளார்கள். இது, முன்பு சொன்னதுபோல் அல்லாமல், மரபணு மாற்று வகையைச் சேர்ந்தது. விவசாயிகளின் வயலுக்கு வந்துவிடவில்லை.

கேள்வி: மரபணுத் திருத்தம் செய்த நெல்லை அரசு அறிவித்ததாகப் படித்தேன். அதில் வெளி மரபணு எதுவும் இல்லை என்பது உண்மையா?
– மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு நெல் வகைகளை அறிவித்தார். ஒன்று, சம்பா மசூரியிலிருந்து ஐதராபாத்தில் உருவான கமலா. மற்றொன்று, எம்.டி.யு. 1010 ரகத்திலிருந்து புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான பூசா டி.எஸ்.டி. நெல் 1. நம் பேச்சுக்கு உரியது இரண்டாவது.

பெயரில் உள்ள டி.எஸ்.டி. என்பது வறட்சியையும் உப்பையும் தாங்குவது தொடர்பான ஒரு மரபணு. பெயரைப் பார்த்தால் தாங்க உதவுவதுபோல் தோன்றும்; உண்மையில் அது தடை போடும் மரபணு. அது வேலை செய்யும் வரை இலைத்துளைகள் மிகுதியாகவும் திறந்தும் இருக்கின்றன. அதைச் செயலிழக்கச் செய்தால் இலைத்துளைகள் குறைகின்றன, இருப்பவை விரைவாக மூடுகின்றன, இலை நீரை இழப்பது குறைகிறது. கிரிஸ்பர் என்ற முறையில், ஒரு வழிகாட்டி ஆர்.என்.ஏ. துணையோடு குறித்த இடத்தில் டி.என்.ஏ. வெட்டப்படுகிறது, செல் தானே அந்த வெட்டைச் சரிசெய்யும்போது ஓரிரு எழுத்துகள் விடுபட்டு மரபணு படிக்க முடியாததாகிறது. வெட்டுவதற்காக முதலில் செலுத்திய அயல் மரபணு, அடுத்த தலைமுறைகளில் குணங்கள் பிரியும்போது அது இல்லாத செடிகளைத் தேர்ந்தெடுப்பதால் நீக்கப்படுகிறது. ஆகவே இறுதிப் பயிரில் வெளி மரபணு இல்லை என்பது சரி. உருவாக்கும் வழியில் ஒருபோதும் பயன்படவில்லை என்பது சரியன்று. இத்தகைய பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான விதிகளில் சிலவற்றிலிருந்து 2022 மார்ச்சில் விலக்கு அளிக்கப்பட்டது.

எனக்குள்ள தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. இலைத்துளை நீரை இழக்கும் வழி மட்டுமல்ல, இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியும் அதுவே. கடும் வெயிலில் அந்த வழியைக் குறுக்கினால் இலையின் வெப்பம் ஏறும். பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் நெல்லில் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். உப்பு நிலத்தில் நன்மை தரும் மாற்றம் கத்திரி வெயிலில் என்ன செய்கிறது என்று பல இடங்களில், பல பருவங்களில் வளர்த்துத்தான் அறிய முடியும். அந்த வயல் ஆய்வுக் கணக்குகள் இடவாரியாக எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும் என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான பேச்சு ஆகாது.

கேள்வி: இத்தகைய ஆராய்ச்சிகளால் பெரிய விவசாயிகளுக்குத்தானே நன்மை?
– விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது; ஆனால் ஸ்வர்ணா சப்-1-இல் நேர்மாறாக நடந்திருக்கிறது. ஒடிசாவில் விதைச் சிப்பங்களைக் குலுக்கல் முறையில் கிராமங்களுக்குக் கொடுத்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயல்களில் ஸ்வர்ணாவைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் விளைச்சல் கிடைத்தது. வெள்ளத்தில் மூழ்கும் பள்ள நிலங்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்தினரிடமே மிகுதியாக இருந்தன. மேட்டு நிலம் யாரிடம், பள்ள நிலம் யாரிடம் என்பதில் நம் ஊர்களுக்கும் ஒடிசாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கேள்வி: சப்-1 நெல்லை அறுத்து நானே விதைக்கு எடுத்து வைக்கலாமா? வெளியில் வாங்கும்போது அது உண்மையான சப்-1 தானா என்று எப்படி அறிவது?
– ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: எடுத்து வைக்கலாம். இது வீரிய ஒட்டு ரகம் அன்று. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால் குணம் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மாறாமல் வரும். கலப்படம் ஆகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வயலில் பிற ரகச் செடிகளைப் பூக்கும் முன்னும் அறுவடைக்கு முன்னும் பிடுங்கிவிடுங்கள். களத்தையும் சாக்கையும் வேறு நெல் இல்லாமல் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும், வணிகப் பெயர் இடாமல் விற்கவும்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது.

வாங்கும் விதையைப் பொறுத்தவரை, ஸ்வர்ணாவில் உமியின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய அடையாளம் இல்லாத ரகங்களில் மணியைக் கடித்தோ முகர்ந்தோ எந்த அனுபவசாலியாலும் சப்-1 இருக்கிறதா என்று சொல்ல முடியாது; இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்ப்பதுதான் வழி, அது வீட்டில் செய்வதன்று. ஆகவே மூட்டையின் வாயில் தைத்திருக்கும் அட்டையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை. ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத்திறன் சோதித்த நாள் ஆகியவை அதில் இருக்கும். ‘சப்-1’ என்ற சொல் பெயரோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த அட்டையையும் வாங்கிய ரசீதையும் அறுவடை முடியும் வரை எடுத்து வையுங்கள்.